ஈயம் ஒட்டிய படிகம்

ஈப்போவில் இறங்க வேண்டியவள் அதைத் தாண்டி கோலகங்சாரில் கண் விழித்தேன். மலேசிய ரயில் மேல் குற்றம் சொல்ல முடியாது. குளிர்சாதனம் இதமாக ஓடியது. ஜன்னலுக்கு வெளியே சுண்ணாம்புக் குன்றுகள் பாதி மேகத்துக்குள்ளும் பாதி வெளியிலுமாக வந்துகொண்டிருந்தன. பக்கத்து இருக்கைப் பெண் தன் கைக்குழந்தைக்கு மலாயில் மெல்லப் பாடிக்கொண்டிருந்தாள். குழந்தை கொட்டக் கொட்ட விழித்திருக்க, நான் தூங்கிப்போனேன். எங்கள் நாகர்கோவில் ரயிலில் இப்படி நடக்க வாய்ப்பே இல்லை. வடைக்காரர் காதருகே வந்து கத்தி எழுப்பிவிடுவார்.

நடைமேடையில் பெட்டியோடு நின்று என் தோழி தேவகியை அழைத்தேன். வகுப்பில் இருந்தாள் போல, எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவளுடைய அண்ணன் கூப்பிட்டார். "அங்கயே இருங்க செலின்மா, வாரேன்" என்றார். அவர் வரும்வரை எதிர்க்கடையில் மூங்கில் குழாயில் அவித்த சின்னப் புட்டு ஒன்றைத் தின்றேன். உள்ளே கருப்பட்டி இருந்தது. எங்கள் ஊர்ப் புட்டுதான் கடல் தாண்டி வந்து இப்படி இனித்துவிட்டதோ என்று யோசித்தபடி இன்னொன்று வாங்கினேன்.

செல்வம் அண்ணன் முன்பு லாரி ஓட்டியவர், இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். பழைய நீலக் காரில் வந்து இறங்கி, என் பெட்டியைப் பறித்துக்கொண்டு, "பரவால்ல லா. போன மாசம் என் மச்சான் தூங்கி பட்டர்வொர்த் வரைக்கும் போயிட்டான். நீங்க கொஞ்சம் விவரம்" என்றார். எங்கள் குமரிப் பக்கத்திலும் பேச்சில் 'லா' உண்டு. ஆனால் எங்களுடைய 'லா' ஆளை மடக்கும், இவர்களுடையது ஆளைத் தட்டிக்கொடுக்கும்.

வழியெல்லாம் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை விழாவைப் பற்றியே பேசினார். அவர்கள் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டம் பத்து காஜாவுக்குப் பக்கத்தில் இருந்தது. தோட்டத்தை விற்று ஆட்கள் கலைந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனாலும் அந்தத் தோட்டத்துக்காரர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. யார் வீட்டுப் பிள்ளை ஆறாம் வகுப்பில் தேறினாலும், யாருக்குத் தாதி வேலை கிடைத்தாலும், பேனர் அடித்து, மண்டபம் பிடித்து, பொன்னாடை போட்டுவிடுவார்கள். சங்கச் செயலாளர் செல்வம் அண்ணன்தான்.

"இந்த வருஷம் தங்கச்சிக்கு. மண்டபம் சொல்லியாச்சு, பேனர் அடிச்சாச்சு. நீங்கதான் சிறப்புப் பேச்சாளர்" என்றார்.

நான் வெளியே ஓடிய, எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினேன். நான் எதற்காக வந்திருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியாது.

தேவகியும் நானும் ஜப்பானில் ஒரே ஆய்வகத்தில் படித்தவர்கள். இருவருக்கும் தொழில் படிகம் வளர்ப்பது. நன்றாகக் குளிரவைத்தால் சில பொருள்களில் மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும். மீக்கடத்தி என்பார்கள். அதிலும் சீரியம் போன்ற உலோகங்கள் கலந்த ஒரு வினோதமான வகையைத்தான் நாங்கள் இருவரும் துரத்திக்கொண்டிருக்கிறோம். நான் இந்தியாவில், அவள் ஈப்போவுக்குத் தெற்கே ஒரு பல்கலைக்கழகத்தில். போன மாதம் அவள் புதிதாக வளர்த்த படிகத்தில் மின்தடை சட்டென்று பூச்சியத்துக்கு விழுந்தது. அதைக் காட்டும் வரைபடக் கோட்டை எனக்கு அனுப்பிவிட்டு அழைத்தாள்.

"விழாவுக்கு வான்னு ஊருக்காகக் கூப்புடுறேன். ஆனா விழாவுக்கு முன்னாடி நீ வந்து பாக்கணும். இது நெசமா இல்லையான்னு நீயே சொல்லு. வேற யார் சொன்னாலும் நான் தாங்க மாட்டேன்."

கோடு எந்த எண்ணில் விழுகிறது என்றுதான் முதலில் பார்த்தேன். அது விழுந்த இடம் மூன்று புள்ளி ஏழு கெல்வின். அது வெள்ளீயத்துக்குச் சொந்தமான இடம். வெள்ளீயம் ஒரு சாதாரண மீக்கடத்தி, சரியாக அந்தக் குளிரில்தான் விழும். தேவகி தன் படிகத்தை வளர்த்ததோ உருகிய ஈயத்துக்குள்; இங்கே ஈயம் என்றால் அந்த வெள்ளீயம்தான்.

மாலையில் அண்ணன் என்னை, ஈப்போவில் தமிழர்கள் நெருங்கி வாழும் புந்தோங்கைப் பார்க்கக் கூட்டிப்போனார். தெருமுனைக் கடையில் தேநீர் குடித்துவிட்டு வருவதாகத்தான் திட்டம். முதல் வாசலில் ஒருவர் கூப்பிட்டு மகன் கல்யாணத் தேதியைச் சொன்னார். அடுத்த வாசலில் ஒரு பெண்மணி அண்ணனை நிறுத்தி வேன் ஏன் நேற்று பிந்தியது என்று கேட்டாள். அண்ணனைப் பார்த்து மூன்று மோட்டார் சைக்கிள்கள் நின்றன. கச்சாங் பூத்தே என்னும் நொறுக்குத்தீனி வறுக்கிற கடையில் கடலைப்பருப்பு, முறுக்கு, காரக் கடலை எல்லாம் கையில் திணித்து, தின்னச் சொல்லி நின்று பார்த்தார்கள். எங்கும் எண்ணெய் வாசம், கோயில் மணி, யாரோ அடிக்கும் ஒலிப்பான். தேநீர்க் கடையை அடைந்தபோது விளக்கு போட்டுவிட்டார்கள்.

அந்த நடையில் எனக்கு ஓர் உண்மை பிடிபட்டது. செம்புக் கம்பியில் எலெக்ட்ரான் ஓடுவது, என்னைப் போன்ற வெளியூர்க்காரி இந்தத் தெருவில் தனியாக நடப்பது மாதிரி. யாரும் நிறுத்த மாட்டார்கள். நாங்கள் வளர்க்கும் படிகங்களில் அப்படியில்லை. ஒவ்வொரு சீரியம் அணுவிலும் ஒரு குட்டிக் காந்தம் வாசலில் உட்கார்ந்திருக்கிறது. கடந்துபோகும் எலெக்ட்ரான் ஒவ்வொன்றோடும் நின்று, பேசி, பிணைந்து, பிரிய மனமில்லாமல் நகர்கிறது. வெளியிலிருந்து அளந்தால் அது நூறு மடங்கு, சில சமயம் ஆயிரம் மடங்கு கனத்துத் தெரியும். செல்வம் அண்ணன் ஒல்லியான மனிதர். புந்தோங்கில் மட்டும் அவர் கனத்தவர்.

இன்னும் குளிரவைத்தால் இந்தக் கனத்த எலெக்ட்ரான்கள் ஜோடி ஜோடியாகச் சேர்ந்து தடையின்றி ஓட ஆரம்பிக்கும். பழைய பாடத்தின்படி பார்த்தால் அவை சேரவே கூடாது, ஏனென்றால் காந்தம் ஜோடியைப் பிரிக்கும். இங்கேயோ அந்தக் காந்தங்களின் சலசலப்பேதான் சேர்த்துவைக்கிறது என்று நினைக்கிறோம். முழுசாக யாருக்கும் தெரியாது. அந்தத் தெரியாமையின் மேல் உள்ள ஆசையில்தான் தேவகியும் நானும் பாதி ஆயுளை உலைக்கு முன்னால் கழித்துவிட்டோம்.

தேநீர்க் கடை முதலாளி ராமநாதபுரத்து வழிவந்த முஸ்லிம். தேநீரை ஒரு முழ உயரத்திலிருந்து ஆற்றிக்கொண்டே, "தேவகி கண்டுபுடிச்சது என்னான்னு நீங்களாச்சும் சொல்லுங்கக்கா. இவரு கரண்டு பில்லே வராதுங்கிறாரு" என்றார்.

"அது ரொம்பக் குளிர்ல மட்டும்தான் அண்ணே."

"இங்க எங்க குளிரு?" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். கடைச் சுவரில் பேனரின் சின்னப் பிரதி ஒட்டியிருந்தது. 'உலகம் வியக்கும் மீக்கடத்தி கண்ட தோட்டத்து மகள் முனைவர் தேவகிக்கு வாழ்த்துகள்.' படத்தில் தேவகி பட்டமளிப்பு அங்கியில் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டேன்.

மறுநாள் தேவகி விடுப்பு எடுத்துக்கொண்டு என்னைப் பழைய ஊருக்கு அழைத்துப்போனாள். போகும் வழியில் ஒரு சீனர் காப்பிக் கடையில் முளைப்பயறும் கோழியும் சாப்பிட்டோம். ஈப்போ முளைப்பயறு கட்டையாக, கொழுகொழுவென்று இருக்கிறது. இந்தச் சுண்ணாம்புத் தண்ணீரில்தான் அப்படி வளரும் என்றாள். பக்கத்து மேசையில் இரண்டு சீனப் பெரியவர்கள் கண்டனீஸ் மொழியில் கடுமையாக வாதாடிக்கொண்டிருந்தார்கள். சண்டை முற்றுகிறதே என்று பயந்து தேவகியிடம் கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. எதிர்ல இருக்கிற குன்று வளருதுன்னு ஒருத்தர் சொல்றாரு. இல்ல, நாமதான் வயசாகிக் குட்டையாயிட்டு வாரோம்னு இன்னொருத்தர் சொல்றாரு."

குன்றைப் பார்த்தேன். மேகம் அதன் தலையை மறைத்திருந்ததால் யார் சொல்வது சரி என்று தெரியவில்லை.

தோட்டம் இருந்த இடத்தில் இப்போது பாதி செம்பனை, பாதி வீட்டுமனை. ஓரமாக நாலைந்து ரப்பர் மரங்கள் மட்டும் யாரும் வெட்ட மறந்ததுபோல நின்றன. அதற்கு அப்பால் ஈயம் தோண்டிய பள்ளங்கள் குளங்களாக மாறிக் கிடந்தன. தண்ணீர் பச்சையும் நீலமுமாக அசையாமல் இருந்தது. கரையில் வெள்ளை மணலும், அதன் மேல் வரிவரியாகக் கறுப்பு மணலும். குனிந்து அள்ளினேன். கனமாக இருந்தது. எங்கள் மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலும் இதே கறுப்பு மணல் உண்டு. சிறுவயதில் அதில் வெறுங்காலோடு ஓடிச் சூடு வாங்கியிருக்கிறேன். நாங்கள் விலை கொடுத்து வாங்கும் சீரியம் இரண்டு ஊர் மணலிலும் சும்மா கிடக்கிறது. எந்தக் கரையில் நிற்கிறேன் என்பது ஒரு நொடி மறந்துபோயிற்று. அப்படியே நின்றிருக்கலாம் போல இருந்தது.

"ஏன் ஈயத்துல வளத்தே? இண்டியத்துல வளக்கலாம்லா?" என்று கேட்டேன். இண்டியமும் ஈயம்போல எளிதில் உருகும் உலோகம்.

"இண்டியத்துல சரியா வரல. ஈயத்துல போட்டேன், அழகா வந்துச்சு." குளத்தைப் பார்த்தபடி சொன்னாள். "இங்க சின்னப் புள்ளைலேருந்து ஈயத்தைப் பாத்து வளந்தவ. ஈயம் எனக்குத் துரோகம் பண்ணும்னு தோணவே இல்ல செலின்."

இது புரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் வீடுகளில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பை வெறுமனே அடுப்பில் வைத்தால் உருகி ஒழுகிவிடும். அவ்வளவு எளிதில் உருகுவதால்தான் அது எங்களுக்குப் பயன்படுகிறது. உருகிய ஈயத்தில் மற்ற உலோகங்களைக் கரைத்து, பதமாக ஆறவிட்டால், பாகில் கற்கண்டு விளைவதுபோலப் படிகம் விளையும். பிறகு ஈயத்தை வடித்து, அமிலத்தில் கழுவி எடுக்க வேண்டும். கற்கண்டில் பாகு ஒட்டியிருந்தால் நக்கிவிடலாம். படிகத்துக்குள் ஈயம் நரம்புபோல ஓடியிருந்தால் கண்ணுக்கே தெரியாது. ஆனால் மின்சாரம் அந்த நரம்பைக் கண்டுபிடித்துவிடும். படிகம் சும்மா இருக்க, ஈயம் மீக்கடத்தியாகிப் பெயரைத் தட்டிக்கொண்டு போகும்.

"மூணு புள்ளி ஏழு" என்றேன்.

"தெரியும்."

"கழுவினியா?"

"கழுவினேன். மைக்ராஸ்கோப்ல பாத்தா பளிச்சினு இருக்கு. உள்ள இருந்தா?"

"காந்தம் வச்சுப் பாத்தியா?"

அதுதான் சோதனை. லேசான காந்தப்புலம் போதும், ஈயத்தின் மீக்கடத்தல் காணாமல் போய்விடும். கனத்த எலெக்ட்ரான்களுடையதோ பெரிய காந்தத்துக்கும் அசைந்துகொடுக்காது. அவள் குளிரவைத்து அளக்கும் எந்திரத்திலேயே காந்தம் இருக்கிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், அன்றைக்கே தெரிந்திருக்கும்.

"ஒவ்வொரு நாளும் போயி உக்காருவேன். கை வராது" என்றாள். "கோடு விழுந்த அன்னைக்கு மாரியம்மன் கோயில்ல அன்னதானம். அண்ணே பரிமாறிட்டு இருந்தாரு. அவரு காதுல 'கெடச்சிருச்சு அண்ணே'ன்னு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன். சாயந்தரம் சங்கத்துல தீர்மானம் போட்டுட்டாங்க. வாய விட்டது நாந்தான், அவர எப்படிக் குத்தம் சொல்றது?"

எங்கள் துறையில் ஒரு முடிவைப் பத்துத் தடவை சரிபார்த்துத்தான் வாயைத் திறப்போம். புந்தோங்கில் முதலில் பேனர் அடித்துவிடுகிறார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. தேவகியின் கையைப் பிடித்துக்கொண்டேன். குளத்தின் மேல் ஒரு மீன்கொத்தி தாழப் பறந்துபோனது.

சனிக்கிழமை ஆய்வகத்துக்குப் போகும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. இந்த ஊர் மழை தூறலில் ஆரம்பிப்பதில்லை, நேராக உச்சத்துக்குப் போய்விடுகிறது. தேவகியின் கார் கண்ணாடி துடைப்பான் பாதி வழியில் நின்றுபோனது. நான் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஒரு துணியால் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தேன். முழங்கைவரை நனைந்து போய்ச் சேர்ந்தபோது, ஆய்வகத்தில் யாரும் இல்லை. எந்திரம் மட்டும் உஸ் உஸ் என்று மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது.

படிகத்தை உள்ளே இறக்கியிருந்தாள். அரிசிமணி அளவுதான் இருக்கும். முதலில் காந்தம் இல்லாமல் குளிரவைத்தோம். திரையில் கோடு சாவகாசமாக இறங்கிவந்து, மூன்று புள்ளி ஏழில் செங்குத்தாக விழுந்து பூச்சியத்தில் படுத்தது. பார்க்க அவ்வளவு அழகு. அதை நம்பியதற்காக அவளைத் திட்ட யாருக்கும் மனம் வராது.

பிறகு சூடாக்கி, காந்தத்தை லேசாக ஏற்றி, மறுபடி குளிரவைத்தோம். பொத்தானை அழுத்தும்போது தேவகி கண்ணை மூடிக்கொண்டாள். அடுத்த அறையில் எங்கோ கூரை ஒழுகி வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் வீட்டிலிருந்து கொண்டுவந்த முறுக்கை நான் சத்தம் வராமல் கடிக்கப் பார்த்து முடியாமல் கீழே வைத்தேன்.

கோடு மூன்று புள்ளி ஏழுக்கு வந்தது. நிற்கவில்லை, விழவில்லை. ஒன்றுமே நடக்காததுபோலத் தாண்டிப் போனது.

"ஈயம்" என்றாள் தேவகி.

"ஈயம்தான்" என்றேன்.

அவள் நாற்காலியில் சாய்ந்து கூரையைப் பார்த்தாள். கண் ஓரத்தில் நீர் வழிந்தது, துடைக்கவில்லை. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் அதைக் கவனித்தேன். எந்திரம் போகக்கூடிய கடைசிக் குளிரில், கோட்டின் நுனி கொஞ்சம் கீழே சாய்ந்திருந்தது. தலைவாசலைத் தாண்டும்போது ஆள் லேசாகக் குனிவதுபோல. அதற்குக் கீழே எந்திரத்தால் போக முடியாது.

"தேவகி, இங்க பாரு."

அவள் எழுந்து வந்து பார்த்தாள். மறுபடி ஒருமுறை அளந்தோம். மறுபடியும் சாய்ந்தது. காந்தத்தை நன்றாக ஏற்றி அளந்தோம். அப்போதும் அதே இடத்தில் அதே சாய்வு. இத்தனை நாளும் ஈயம் முன்னால் விழுந்து கிடந்ததால், பின்னால் வருவது கண்ணுக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. அது படிகத்தின் சொந்தக் குரலாக இருக்கலாம். எந்திரத்தின் இரைச்சலாகவும் இருக்கலாம்.

"இத நாளைக்குச் சொல்லலாமா?" என்று கேட்டேன்.

"வேணாம். ஒரு தடவ வாய விட்டது போதும். நாளைக்கு ஈயத்த மட்டும் சொல்றேன்" என்றாள். முகத்தைக் கழுவிவிட்டு வந்தபோது பழைய தேவகியாக இருந்தாள்.

அன்று சாயங்காலமே வீட்டில் சொல்லிவிட்டாள். அண்ணி மீன் குழம்பு பரிமாறிக்கொண்டிருந்தார். அண்ணன் முதல் கவளத்தைப் பிசைந்தபடி நிறுத்தினார்.

"அப்ப கண்டுபுடிக்கலயா?"

"இல்ல அண்ணே. ஈயம் உள்ள ஒட்டியிருக்கு. அது பண்ணுன வேல."

"விழா முடியட்டும் லா. அப்புறம் மெல்லச் சொல்லிக்கலாம். தெலுக் இந்தான்லேருந்துகூட ரெண்டு வேன் ஆளு வருது."

"அத்தன பேரு வாரதாலதான் நாளைக்கே சொல்லணும்."

அண்ணன் கையைக் கழுவிவிட்டு வெளியே போய்விட்டார். வேனைத் துடைக்கும் சத்தம் கேட்டது. மழையில் கழுவிய வேனைத்தான் அவர் மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். "விடுங்க, அவருக்குக் கோவம் தங்கச்சி மேல இல்ல" என்று சொல்லி அண்ணி என் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தார்.

மண்டபம் நிறைந்திருந்தது. மேடைக்குப் பின்னால் பேனர் சுவர் முழுக்க விரிந்து, தேவகி இரண்டு ஆள் உயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள். முதலில் பிள்ளைகளுக்குப் பரிசு. பிறகு ஓய்வுபெற்ற ஒரு பேருந்து ஓட்டுநருக்கு மாலை. பிறகு தேவகியைக் கூப்பிட்டார்கள். அண்ணன் கடைசி வரிசையில், கதவோரமாக நின்றுகொண்டிருந்தார்.

தேவகி ஒலிவாங்கியைச் சரிசெய்யவில்லை, தொண்டையைக் கனைக்கவில்லை. "எல்லாருக்கும் வணக்கம். பேனர்ல போட்டிருக்கிறது இன்னும் உண்மை இல்ல" என்று ஆரம்பித்தாள். மண்டபத்தில் குழந்தைகளின் சத்தம் மட்டும் கேட்டது. ஈயத்தில் படிகம் வளர்த்ததையும், ஈயம் உள்ளே ஒளிந்திருந்ததையும், நேற்று காந்தம் வைத்துப் பார்த்ததையும், ரசம் வைப்பதைச் சொல்வதுபோல எளிமையாகச் சொல்லி முடித்தாள். "நான் கண்டுபுடிச்சது நம்ம ஊரு ஈயத்ததான். அது ஏற்கெனவே எல்லாருக்கும் தெரியும். உங்கள வரவச்சதுக்கு மன்னிச்சிருங்க" என்றாள்.

முன்வரிசையில் இருந்த ஒரு பெரியம்மா கையைத் தூக்கினார். "அந்த ஈயம் எங்க வாங்குன?"

"இங்கதான் பெரியம்மா."

"அப்ப சுத்தமாத்தான இருக்கும்?"

"ரொம்பச் சுத்தம் பெரியம்மா. அதான் அப்படியே ஏமாந்துட்டேன்."

யாரோ சிரித்தார்கள். அது வரிசை வரிசையாகப் பின்னால் போயிற்று. சங்கத் தலைவர் கையில் பொன்னாடையை விரித்துப் பிடித்தபடி என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். பிறகு, "வாங்கியாச்சு, போட்டுருவோம் லா" என்று சொல்லி அவள் தோளில் போர்த்திவிட்டார். கை தட்டினார்கள். பாராட்டா ஆறுதலா என்று பிரிக்க முடியாத கைதட்டல் அது. தேவகி பொன்னாடையின் நுனியால் கண்ணைத் துடைத்தாள். நான் எழுதிக்கொண்டு போன பேச்சைப் பைக்குள்ளேயே விட்டுவிட்டு, கற்கண்டும் பாகும் கதையைச் சொல்லி, இவள் நிலையில் நான் இருந்திருந்தால் இந்த மேடையில் ஏறியிருக்க மாட்டேன் என்றும் சொல்லி இறங்கினேன். அது உண்மை. அதன் பிறகு எல்லோரும் சாப்பிடப் போய்விட்டோம். ஆட்டிறைச்சிப் பிரட்டல் அருமையாக இருந்தது. நான் மூன்று முறை போட்டுக்கொண்டேன்.

கிளம்பும் நாளில் தேவகி படிகத்தைப் பஞ்சில் சுற்றி, ஒரு சின்னப் புட்டியில் போட்டு, அந்தப் புட்டியைக் கச்சாங் பூத்தே டப்பாவுக்குள் கடலைகளுக்கு நடுவே புதைத்துக் கொடுத்தாள். அதிராமல் போகும் என்றாள். என் ஆய்வகத்துக் குளிர்ப்பான் இன்னும் வெகுதூரம் கீழே போகும். கோட்டின் நுனி ஏன் சாய்ந்தது என்று அதைத்தான் கேட்க வேண்டும். அண்ணனிடம் இதைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. எனக்கும் வாய்ப்பூட்டு.

அண்ணன்தான் ரயிலடிக்குக் கொண்டுவந்து விட்டார். புந்தோங்கைத் தாண்டும்போது, "பேனர யாரையும் தொட வுடல. நானே ஏணி போட்டு ஏறி எறக்குனேன். கிழியக்கூடாதுன்னு" என்றார்.

"ஏன் அண்ணே?"

"தெரியல லா. அவ மொகம் இருக்குல்ல அதுல." கொஞ்சம் தூரம் போனபின், "சுருட்டி அலமாரி மேல வச்சிருக்கேன்" என்றார். நிலையத்தில் பெட்டியை ஏற்றிவிட்டு, "இந்தத் தடவ தூங்கிறாதீங்க" என்று எச்சரித்தார். நான் தூங்கவில்லை. மடியில் டப்பாவை வைத்துக்கொண்டு, மேகத்துக்குள் போய்வரும் குன்றுகளைக் கடைசிவரை பார்த்தேன். அவை வளர்ந்துகொண்டுதான் இருக்கின்றன என்று அன்று எனக்குத் தோன்றியது.

விமான நிலையத்தில் ஒரு காவலர் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, புட்டியை விட்டுவிட்டு, ஒரு கடலையை எடுத்து மோந்து பார்த்து, சிரித்து மூடினார்.

ஊருக்கு வந்ததும் படிகத்தை மெல்லிய சீவல்களாக அறுத்தேன். ஈய நரம்பு ஓடிய சீவல்களை ஒதுக்கி, ஒன்றுமே ஓடாத ஒரு சீவலைப் பொறுக்கி, குளிர்ப்பானில் இறக்கினேன். மூன்று புள்ளி ஏழில் கோடு அமைதியாகக் கடந்தது. தேவகியின் எந்திரம் நின்றுபோன இடத்துக்கு வந்தபோது மெல்லக் குனிந்தது. அதற்குக் கீழே, நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, நேராக இறங்கிப் பூச்சியத்தில் போய் நின்றது. உடனே அவளுக்கு அனுப்பினேன். பதில் வர நேரமாகவில்லை.

"அண்ணன்கிட்ட சொல்லிராத. முதல்ல காந்தத்த ஏத்து."

ஏற்றினேன். அசையவில்லை. இன்னும் ஏற்றினேன். எங்கள் காந்தத்தின் எல்லைவரை ஏற்றியும் கோடு பிடிவாதமாகப் பூச்சியத்திலேயே படுத்திருந்தது. சீவல் முழுவதும் எவ்வளவு வெப்பத்தை உள்வாங்குகிறது என்றும் அளந்து பார்த்தேன். கனத்த எலெக்ட்ரான்கள் எல்லாமே சேர்ந்து ஜோடி பிடித்திருந்தன, நரம்பில் ஓடிய சில்லறை அல்ல. இன்னொரு சீவலை இறக்கினேன். அதுவும் அதையே சொன்னது. நான் ஆய்வகத்தில் தனியாக உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன், சந்தோஷத்தில்தான்.

சில வாரங்கள், தேவகி திருப்தியாகும்வரை, அளந்துகொண்டே இருந்தோம். பிறகு ஒரு காலையில் அண்ணனிடமிருந்து ஒரு படம் வந்தது. நீலக் காரின் மேல் சுருட்டிய பேனர் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. கீழே குரல் பதிவு.

"செலின்மா, தங்கச்சி இப்பதான் சொன்னா. ஆனா அவ சொன்னா எனக்கு இப்பல்லாம் பயமா இருக்கு லா. நீங்க சொல்லுங்க. விரிக்கலாமா?"

"விரிங்க அண்ணே" என்றேன்.